கழலாத ஆக்சில்: பிடித்திருப்பது எது?

ஜீப்பின் பின்சக்கரத்தைக் கழற்றியாயிற்று. டிரம்மும் வந்துவிட்டது. போல்ட்டுகள் எல்லாம் தரையில் கிடக்கின்றன. ஆக்சில் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. இந்த நேரத்தில் பட்டறையில் நாலு பேர் இருந்தால் நாலு வைத்தியம் வரும். ஒருவர் மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறப்போடச் சொல்வார். இன்னொருவர் கேஸைப் பற்றவைப்பார். மூன்றாமவர் சம்மட்டியைத் தேடுவார். நாலாமவர் புல்லர் இல்லாமல் தொடவே கூடாது என்பார். நாலு பேருமே தங்கள் வைத்தியம் பலித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்தான். அப்படியிருந்தும் ஒரு வண்டியில் பலித்தது அடுத்த வண்டியில் ஏன் பலிப்பதில்லை? சில நேரம் நல்ல ஷாஃப்டையே ஏன் கெடுத்துவிடுகிறது?

காடு, மலை, ஆற்றுப்படுகை என்று ஓடும் வண்டிகளில் ஆக்சிலைப் பிடித்துவைப்பவை நான்கு: பூட்டு, இறுக்கப் பொருத்தம், துரு, உருக்குலைவு. நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுக்கும்போதுதான் சேதம் வருகிறது. இவற்றில் அதிகத் தொல்லை தருகிற துரு, பெரும்பாலும் கடைசியாக அந்த ஆக்சிலை மாட்டியவர் விட்டுவைத்துப்போனது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அமைப்பு முதலில்

கையில் ஸ்பானரை எடுக்குமுன் அந்த ஆக்சில் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய பிரிவுகள் இரண்டு. ஃபுல் ஃப்ளோட்டிங் வகையில் வண்டியின் பாரத்தை ஹவுசிங் குழாயின் முனையில் உட்கார்ந்திருக்கும் பேரிங்குகள் தாங்குகின்றன. ஷாஃப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டும்தான். முனையில் உள்ள போல்ட்டுகளை எடுத்தால், சக்கரம் வண்டியிலேயே இருக்க, ஷாஃப்டை உருவிவிடலாம். செமி ஃப்ளோட்டிங் வகையில் ஒரே ஷாஃப்டுதான் சுழற்றவும் வேண்டும், பாரத்தையும் தாங்க வேண்டும். பேரிங் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் 6 லட்சத்துக்கும் மேல் தயாரான வில்லீஸ், ஃபோர்டு ஜீப்புகளின் பின் ஆக்சில் ஃபுல் ஃப்ளோட்டிங். போர்க்களத்தில் ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது என்பதில் ராணுவத்துக்குப் பெரிய வசதி. போர் முடிந்து 1945-இல் பொதுமக்களுக்கென வந்த சிஜே-2ஏ-வின் தொடக்க வண்டிகளிலும் அதே ஆக்சில்தான் இருந்தது. பிறகு அது போய், கூம்பு முனை கொண்ட செமி ஃப்ளோட்டிங் ஷாஃப்ட் வந்தது. கூம்பின் மேல் ஹப் ஏறி, நடுவில் ஒரு சாவி செருகி, வெளியே நட்டு இறுக்கும் ஏற்பாடு இது. 1953-இல் வந்த சிஜே-3பி-யும் இந்தக் கூம்பையே தொடர்ந்தது. 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைக் கோக்கத் தொடங்கிய மகிந்திரா, பின்னாளில் பல பத்தாண்டுகள் தயாரித்தது இந்த சிஜே-3பி வழிவந்த வண்டிகளைத்தான். மலைக்கிராமத்து மெக்கானிக் இன்று எதிர்கொள்ளும் தலைவலிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை முக்கால் நூற்றாண்டுக்கு முன் எடுத்த முடிவு இருக்கலாம்.

பூட்டு: சிக்கவே இல்லாத சிக்கல்

கழலாத ஆக்சில்களில் ஒரு பகுதி உண்மையில் சிக்கியவையே அல்ல. எங்கோ ஒரு பூட்டு இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது, அவ்வளவுதான். இதற்குச் சரியான எடுத்துக்காட்டு சி கிளிப். ஜீப் ரேங்ளர்களில் வந்த டேனா 35-இலும், கிரைஸ்லர் 8.25, ஃபோர்டு 8.8 போன்ற மற்ற ஆக்சில்களிலும் ஷாஃப்டைப் பிடித்திருப்பது சக்கரப் பக்கம் இல்லை. உள்முனையில், டிஃப்ரன்ஷியலுக்குள், குதிரை லாடம் போன்ற ஒரு சின்ன வளையம் பிடித்திருக்கிறது. பின்மூடியைத் திறந்து, ஆயிலை வடித்து, குறுக்குப் பின்னின் பூட்டு போல்ட்டை எடுத்து, பின்னை உருவி, ஷாஃப்டை ஓரிரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் அந்தக் கிளிப் தானே கையில் விழும். அதற்குப் பிறகு ஷாஃப்ட் ஒரு விரலுக்கு வந்துவிடும். இது தெரியாமல் வெளியிலிருந்து இழுத்தால் எத்தனை பலமாக இழுக்கிறோமோ அத்தனை பலமாக அந்த வளையமும் சைடு கியரும் அடி வாங்கும்.

டொயோட்டா லேண்ட் க்ரூசரில் இன்னொரு வகைப் பூட்டு. ஃபுல் ஃப்ளோட்டிங் ஷாஃப்டின் விளிம்பில் நட்டுகளுக்கு அடியில் பிளந்த கூம்பு வாஷர்கள் உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றினாலும் கூம்பு விடாது. நட்டைச் சற்று நெகிழ்த்திவைத்து, ஸ்டட் முனையில் பித்தளைக் கம்பி கொடுத்துத் தட்டினால் கூம்பு துள்ளி வெளியே வரும். விளிம்பில் மரை வெட்டிய துளைகள் இருந்தால் அவற்றில் போல்ட்டை முறுக்கி ஷாஃப்டைத் தள்ளலாம். கழற்றுகிறவனை நினைத்துத் தொழிற்சாலையே வைத்த வசதி அது. மண் அப்பியிருப்பதால் அந்தத் துளைகள் பலர் கண்ணில் படுவதில்லை.

சுஸுகி ஜிப்ஸி போன்ற வண்டிகளில் பூட்டு என்பது பிரேக் தட்டின் பின்னால் இருக்கும் நான்கு போல்ட்டுகள். அவை போனபின் ஷாஃப்ட், பேரிங், அதைப் பிடித்திருக்கும் காலர் மூன்றும் சேர்ந்தே வெளியே வரும். வராவிட்டால் பூட்டின் கதை முடிந்தது, அடுத்த பிடியின் கதை தொடங்குகிறது என்று பொருள்.

இறுக்கப் பொருத்தம்: கூம்பும் பேரிங்கும்

கூம்பு ஹப்பைக் கழற்றுவது பழைய ஜீப்புக்காரர்களின் தேர்வுத்தாள். சரிவு குறைந்த கூம்பின் மேல் ஒன்றை அழுத்தி ஏற்றினால், அழுத்தத்தை எடுத்த பிறகும் அது தன்னாலேயே பிடித்துக்கொண்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் பார ஓட்டம் ஓடிய ஹப் சாதாரணக் கால் புல்லருக்குப் பணியாது. காலின் நுனி டிரம் விளிம்பைப் பிடித்தால் டிரம்தான் உடையும்.

செய்முறை இப்படி. காட்டர் பின்னை எடுத்து நட்டை நாலைந்து சுற்று நெகிழ்த்த வேண்டும். முழுக்கக் கழற்றிவிடக் கூடாது. சிலர் நட்டைத் தலைகீழாகத் திருப்பி, ஷாஃப்ட் முனைக்குச் சமமாக வருமளவு போட்டுவைப்பார்கள். இதனால் மரை நசுங்காது. அடுத்து, சக்கர ஸ்டட்டுகளிலேயே வீல் நட்டு போட்டு இறுக்கும் வகைப் புல்லரைப் பொருத்தி, நடுத்திருகை இறுக்க வேண்டும். இதற்கென்றே வரும் தடித்த ஸ்பானரின் காதில் சுத்தியலால் அடித்து அடித்து இறுக்குவார்கள். இறுக்கம் உச்சத்துக்குப் போனதும் நிறுத்தி, அந்தப் பாரத்தோடேயே விட்டுவைக்கலாம். சில ஹப்புகள் அரைமணியில் விடும், சில மறுநாள் காலையில்தான். விடும்போது துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். அந்த நொடியில் நட்டு முனையில் இல்லாவிட்டால் டிரம்மோடு சேர்ந்து புல்லர் பறந்து எதிரே நிற்பவர் மேல் விழும்.

புல்லர் இல்லாத இடத்தில் ஓட்டுநர்கள் கையாளும் தந்திரம் ஒன்று உண்டு. நட்டைச் சில சுற்று நெகிழ்த்தி, பின்னை மீண்டும் போட்டு, சக்கரத்தை மாட்டி, மைதானத்தில் எட்டு போட்டுப் பதமாக ஓட்டுவது. பக்கவாட்டு விசை ஹப்பைக் கூம்பிலிருந்து அசைத்துவிடும். பலரும் இதைப் பரிந்துரைக்கிறார்கள், வேலையும் செய்கிறது. ஆனால் ஹப் விட்டபின்னும் ஓட்டினால் சாவியும் சாவித்தடமும் தேய்ந்துபோகும். சமதளமான காலி இடத்தில், நடை வேகத்தில், முதல் சத்தம் கேட்டதும் நிறுத்துகிறவருக்கே இது பொருந்தும்.

ஷாஃப்ட் முனையில் நேரே சம்மட்டியால் அடிப்பது எந்த நிலையிலும் தப்பு. முனை பூத்து மரை கெடுவது முதல் நட்டம். அதோடு இந்த வகை ஆக்சில்களில் இரண்டு ஷாஃப்டுகளின் உள்முனைகளுக்கு நடுவே ஒரு தாங்குகட்டை இருக்கும். இந்தப் பக்கம் விழும் அடி அதன் வழியே மறுபக்கத்துப் பேரிங்கில் போய் இறங்கும். நன்றாக இருந்த பேரிங்கும் சேர்ந்து போய்விடும்.

பேரிங் ஹவுசிங்குக்குள் பிடித்துக்கொண்டால் ஏற்ற கருவி ஸ்லைடு ஹேமர். ஒரு கம்பியில் ஓடும் எடையை வெளிப்பக்கமாக வீசி, முனையிலுள்ள தடையில் மோதவிடுவது. அது இல்லாதபோது பிரேக் டிரம்மையே குப்புறத் திருப்பி ஸ்டட்டுகளில் மாட்டி, வீல் நட்டுகளை முனையில் மட்டும் ஏற்றி, டிரம்மை விசையோடு வெளியே சுண்டுவார்கள். மோதல் நேராக ஷாஃப்டின் அச்சில் விழுவதால் இது நல்ல வழி. ஒரு பக்கம் மட்டும் கடப்பாரை போட்டு நெம்பினால் பிரேக் தட்டு வளையும், பேரிங் கோணிக்கொண்டு இன்னும் இறுகும்.

துரு: வளரும் பிடி

இரும்பு துருவாகும்போது பருமன் பெருகுகிறது. எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து இரும்பைப் போல் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். மயிரிழை இடைவெளியில் அது வளரும்போது இரண்டு பாகங்களையும் உள்ளிருந்தே நெருக்கிவிடுகிறது. இதனால்தான் மாட்டும்போது கையால் தள்ளி நுழைந்த பாகம் ஐந்தாண்டு கழித்துச் சம்மட்டிக்கும் அசையாமல் நிற்கிறது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட அமெரிக்க மாநிலங்களில் இது தினசரித் தொல்லை. நம் பக்கத்தில் கடற்கரை வண்டிகளுக்கு இதே விதி. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படும்வரை தனுஷ்கோடிக்குப் போன வேன்களும் ஜீப்புகளும் கடல்நீர் ஊறிய மணலில்தான் ஓடின.

உப்பில்லாத மலைநாட்டிலும் தண்ணீர் ஆக்சிலுக்குள் போக வழி இருக்கிறது. ஏற்றம் ஏறிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுவிடும் துளை, அதாவது பிரீதர், மண்ணால் அடைத்திருந்தால், சுருங்கும் காற்று ஆயில் சீலின் ஓரத்தில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால்காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ஸ்பிளைன் பற்களில் செம்பழுப்புப் பொடி தெரிந்தால் அது வேறு வகை. கண்ணுக்குத் தெரியாத அசைவில் உலோகம் உரசி உதிர்ந்து துருவான தூள் அது.

துருப்பிடித்த பாகங்களில் பேர்பெற்றது ஜீப் செரோக்கி, ரேங்ளர்களின் டேனா 30 முன் ஆக்சில். அங்கே பேரிங்கும் ஹப்பும் ஒரே உறுப்பு. நக்கிள் துளைக்குள் அது வட்டமாக உட்கார்ந்து, பின்னாலிருந்து மூன்று போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். அது வெளியே வந்தால்தான் ஷாஃப்ட் வரும். 36 மி.மீ. நட்டை எடுத்து, மூன்று போல்ட்டையும் கழற்றியபின்னும் ஹப் நக்கிளோடு வார்த்ததுபோல் நிற்கும். இதற்குப் பிறந்த உபாயம் அழகானது. போல்ட்டுகளைச் சில சுற்று மட்டும் நெகிழ்த்தி, ஒரு போல்ட் தலைக்கும் ஆக்சில் முனையின் கவைக்கும் இடையே சாக்கெட்டும் நீட்டுக்கம்பியும் வைத்து, என்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பவர் ஸ்டீயரிங்கின் ஹைட்ராலிக் விசையே போல்ட்டைத் தள்ளி ஹப்பை வெளியே தள்ளும். ஒரே போல்ட்டில் முழு விசையையும் கொடுக்காமல் மூன்றிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவது முக்கியம். திருப்பும் நேரத்தில் சக்கரத்தருகே யார் கையும் இருக்கக் கூடாது. சுத்தியலால் ஹப்பின் விளிம்பில் அடித்துக் கழற்றுவதும் நடக்கிறது. அப்படிக் கழற்றிய பேரிங்கைத் திரும்ப மாட்டக் கூடாது, அது புதிதே ஆனாலும்.

எண்ணெயா, நெருப்பா?

பட்டறை விவாதங்களில் சூடானது இதுதான். ஊறவைக்கும் எண்ணெய்களைப் பற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன. எல்லாப் பட்டறையிலும் இருக்கும் டபிள்யூடி-40, 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஏவுகணைகளின் வெளித்தோலில் துரு ஏறாமல் ஈரத்தை விலக்க உருவானது. ஈரத்தை விரட்ட அது நல்லது. ஆண்டுக்கணக்கில் இறுகிய துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே வரும் எண்ணெய்கள் தனி. ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்தால் அற்புதம் நடக்கும் என்று சொல்வோர் உண்டு. இரண்டும் நிலையாகக் கலப்பதில்லை, பிரிந்துவிடும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கக் கூடாது. எந்த எண்ணெயானாலும் வேலை செய்வது நேரமும் அதிர்வும் சேர்ந்தால்தான். ஊற்றிவிட்டு இரவு முழுக்கச் சும்மா விடுவதைவிட, மணிக்கொரு முறை ஊற்றிச் சுற்றிலும் லேசாகத் தட்டுவது பலன் தரும். அகன்ற பேரிங் பொருத்தத்தின் ஆழத்துக்கு எந்த எண்ணெயும் முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை என்பதும் உண்மை.

நெருப்பின் கணக்கு தெளிவானது. எஃகு ஒவ்வொரு டிகிரி சென்டிகிரேடுக்கும் தன் அளவில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 80 மி.மீ. துளையுள்ள ஹவுசிங் முனையை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை ஏறத்தாழ 0.1 மி.மீ. அகலும். பேரிங் இறுக்கம் மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குகள்தான் என்பதால் அதுவே தாராளம். நிபந்தனை ஒன்றே: வெளிப்பாகம் மட்டும் சூடாக வேண்டும். ஷாஃப்டும் சேர்ந்து காய்ந்தால் இரண்டும் சேர்ந்து விரியும், பயனில்லை.

எல்லை எங்கே? சாதாரண பேரிங்குகளை 120 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டாம் என்பது தயாரிப்பாளர்கள் தரும் வழக்கமான அறிவுரை. ஷாஃப்டின் மேற்பரப்பு வெப்பத்தால் கடினப்படுத்தப்பட்டது. எஃகின் மேல் வைக்கோல் நிறம் ஏறினாலே 200 டிகிரி தாண்டியாயிற்று, நீலம் ஏறினால் ஏறத்தாழ 300. அந்த நிறம் கண்ட ஷாஃப்ட் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வலிமை குன்றிய ஒன்றாகவே அதை எண்ண வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் நெருப்பு காட்டினால் நச்சுவாயு பிறக்கும். ஆயிலும் கிரீஸும் தோய்ந்த இடத்தில் தீ என்பதே ஆபத்துதான்.

என் தீர்ப்பு: ஷாஃப்டையும் பேரிங்கையும் மாற்றுவதென்று முடிவாகியிருந்தால் நெருப்பு முதல் தரக் கருவி. இரண்டையும் காப்பாற்ற வேண்டுமென்றால் அது கடைசிக் கருவி. பேரிங்கைப் பிடித்திருக்கும் காலர் இதற்கு விதிவிலக்கு. அதை எப்படியும் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதால், ஷாஃப்டைத் தொடாமல் கிரைண்டரால் ஆழமாக ஒரு கோடு போட்டு, உளி வைத்து ஒரே அடியில் பிளந்துவிடலாம். நெருப்பே வேண்டாம்.

உருக்குலைவு: முறுக்கும் ஒடிவும்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு ஷாஃப்ட் படும் பாடு புரியும். பழைய சிஜே-3பி-யில் முதல் கியரின் விகிதம் 2.8. லோ கியர் பெட்டி 2.46, ஆக்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் என்ஜினின் முறுக்குவிசை ஏறத்தாழ 37 மடங்காகிச் சக்கரங்களுக்குப் போகிறது. அது எல்லாச் சக்கரங்களுக்கும் பிரியும் என்றாலும், காற்றில் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் சட்டென்று பாறையைக் கவ்வும்போது விழும் அதிர்ச்சியை ஒரே ஷாஃப்ட் வாங்குகிறது. ஷாஃப்ட் ஒடியலாம். ஒடியாமல் முறுக்கிக்கொண்டால் ஸ்பிளைன் பற்கள் நேர்கோட்டை விட்டுச் சாய்ந்து சைடு கியருக்குள் பூட்டிக்கொள்ளும். அப்போது எந்த எண்ணெயும் உதவாது. மெதுவாகச் சுழற்றிக்கொண்டே ஸ்லைடு ஹேமரால் இழுத்துப் பார்க்கலாம். விடாவிட்டால் டிஃப்ரன்ஷியலைப் பிரிப்பது ஒன்றே வழி.

ஒடிந்தால், உள்ளே தங்கிய துண்டை எடுப்பதே பெரிய வேலை. மறுபக்க ஷாஃப்டை உருவி அந்த வழியே நீளக் கம்பியால் தள்ளுவது எளிய வழி. நடுவில் குறுக்குப் பின்னோ தாங்குகட்டையோ மறித்தால் இது நடக்காது. வலுவான காந்தம், கம்பிக் கண்ணி, துண்டின் முகத்தில் கம்பியை வெல்டிங் வைத்து இழுப்பது என்று பல உத்திகள் உண்டு. வெல்டிங் செய்யும்போது எர்த் கிளிப்பை அந்தத் துண்டுக்கு அருகிலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து உருளைகளில் குழி விழும். எந்த வழியில் எடுத்தாலும் ஆயிலை வடித்து உள்ளே கழுவாமல் மூடக் கூடாது. உதிர்ந்த உலோகப் பொடி அடுத்த ஆயிரம் கிலோமீட்டரில் கிரவுனையும் பினியனையும் தின்றுவிடும்.

வகைப் பிரிவு உயிருக்கும் பொருந்தும். ஃபுல் ஃப்ளோட்டிங் ஷாஃப்ட் ஒடிந்தால் முன்சக்கர இழுவையில் ஊர் வந்து சேரலாம். சி கிளிப் ஷாஃப்ட் ஒடிந்தால் ஒடிந்த துண்டோடு சக்கரமே வெளியே நழுவும். அந்த வண்டியை நகர்த்தவே கூடாது.

மாட்டும்போது செய்வது

இதுவரை கழற்றும் வழிகள். அடுத்த முறை இத்தனை பாடு வேண்டாம் என்றால் கவனம் மாட்டும் வேலையில் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் கிரீஸ் தடவினால் போதும் என்பது இங்கே பெரிய தவறு. கூம்பு ஹப் உலர்ந்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல், சுத்தமாக ஏற வேண்டும். வழுக்கும் கூம்பில் ஹப் அளவுக்கு மீறி ஏறி வெடிக்கும், அல்லது சாவியே எல்லா விசையையும் தாங்கிச் சிதையும். 1976 முதல் வந்த சிஜே வண்டிகளின் ஏஎம்சி 20 ஆக்சிலில் இன்னும் கறாரான விதி உண்டு. அங்கே ஷாஃப்டின் வெட்டுகள் ஹப்பில் தாமே தடம் பதிக்கின்றன. அதனால் பழைய ஷாஃப்டில் புது ஹப் போடலாம், புது ஷாஃப்டில் பழைய ஹப் போடக் கூடாது.

டேனா 30 போன்ற நக்கிள் துளைகளிலோ நிலைமை நேர்மாறு. துருவைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, துருப்பிடி தடுக்கும் பசையை மெல்லப் பூசினால் அடுத்த முறை ஹப் கையோடு வரும். ஸ்பிளைனில் மெல்லிய கிரீஸ் போதும். போல்ட் மரையில் பசை பூசினால், உலர்ந்த மரைக்கெனக் கொடுத்த டார்க் அளவை அப்படியே வைக்கக் கூடாது. வழுக்கும் மரையில் அதே முறுக்கு போல்ட்டைக் கூடுதலாக இழுத்துவிடும். ஆயில் சீல் எப்போதும் புதிது. பிரீதரை ஊதிப் பார்த்து, ஓடை கடக்கும் வண்டிகளில் குழாய் வைத்து உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். பழைய கூம்பு ஷாஃப்டில் ஷிம்களை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோமோ அதே பக்கம் அதே எண்ணிக்கையில் திருப்பி வைக்க வேண்டும். பேரிங் ஆட்டத்தின் அளவே அவற்றில்தான் இருக்கிறது.

வரிசையே தீர்வு

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் ஆக்சில் வகையைக் கண்டுபிடித்து, பூட்டுகள் எல்லாம் திறந்தாயிற்றா என்று சரிபார்ப்பது. அடுத்து நேர் அச்சில் இழுக்கும் கருவி. பிறகு எண்ணெயும் அதிர்வும் பொறுமையும். எதை மாற்றப்போகிறோம் என்று முடிவு செய்தபின் நெருப்பு. அதற்கும் வராதபோது டிஃப்ரன்ஷியலைப் பிரிப்பது. இவை எல்லாவற்றுக்கும் முன்பு வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்காமல் உறுதியான முட்டுகளில் நிற்க வேண்டும். அடியும் இழுப்பும் விழும் வேலையில் வழுக்கிய ஜாக்கிக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. ஷாஃப்ட் முனையை விட்டுச் சுற்றிலும் தட்டுவதானால், சம்மட்டிக்காரர் உட்படப் பட்டறையின் நாலு பேரும் சொன்னது சரிதான். ஒவ்வொருவரும் இந்த வரிசையின் ஒரு படியைச் சொன்னார்கள்.

இந்த வரிசையைக் கெடுப்பது பெரும்பாலும் அறியாமை அல்ல, அவசரம். சவாரி வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போகிறது. உரிமையாளர் சீக்கிரம் என்கிறார், மெக்கானிக் மூன்றாம் படியைத் தாண்டி நான்காவதுக்குப் போகிறார். துருவைத் தேய்த்துப் பசை பூசும் பத்து நிமிட வேலைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, அதனால் அதை யாரும் செய்வதும் இல்லை. ஆக்சிலைப் பிரித்த வண்டி திரும்பி வரும்போது, எந்த இடத்தைச் சுத்தம் செய்தீர்கள், எங்கே பசை பூசினீர்கள், எங்கே உலர்வாக விட்டீர்கள் என்று உரிமையாளர் கேட்கட்டும். பில்லில் அந்த வேலைக்கும் ஒரு வரி இருக்கட்டும். அடுத்த முறை சம்மட்டிக்குக் கொடுக்கும் கூலியைவிட அது எப்போதும் குறைவு.